அல்சூர் ஏரியில் மிதந்தது யார் வீட்டுக் குப்பை?

ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி. இரவு டியூட்டி முடித்துவிட்டு நேராக அல்சூர் ஏரிக்கரைக்குப் போனேன். அங்கே முப்பது பேர் கூடியிருந்தார்கள். மில்லில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், ஒரு தையல்காரர், தர்மபுரிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த வாலிபர்கள், கன்னடம் பேசும் கல்லூரி மாணவிகள் நால்வர். கையில் துறட்டி, கூடை, கோணிப்பை. மீன் பிடிக்கும் ஒருவர் தமது பரிசலையும் கொண்டு வந்திருந்தார்.

ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும்படி ஆகாயத் தாமரை மூடிக் கிடந்தது. அதன் இடுக்கில் பாட்டில்கள், தெர்மாகோல், பிளாஸ்டிக் பைகள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கு எதிர்க்கரையில் எல்லாம் வந்து ஒதுங்கும். ஆகவே, காற்றைப் பார்த்து இடத்தைத் தேர்ந்துகொண்டோம்.

மூக்கு யாருடையது?

வேடிக்கை பார்க்க வந்த ஒருவர், “இது நம்ம ஊர் ஏரியா சார்? மாநகராட்சி பார்த்துக்கொள்ளும். உங்களுக்கு ஏன் இந்த வேலை?” என்று கேட்டார்.

பெரியவர் நிமிராமலே பதில் சொன்னார்: “தம்பி, நாற்பது வருஷமா இந்தக் காற்றைத்தான் இழுக்கிறேன். ஏரி யாருடையதா இருந்தா என்ன, மூக்கு என்னுடையதாச்சே!”

கேட்டவர் சற்று நேரம் நின்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

பையைத் திறந்தோம்

எட்டு மணி இருக்கும். என் துறட்டியில் முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பை ஒன்று சிக்கியது. பிரித்தோம். காய்ந்த மாலை, வாழைப்பட்டை, பிள்ளையார் குடை, இவற்றோடு தமிழ் நாள்காட்டியின் கிழித்த தாள்கள்! மாணவி ஒருத்தி, “இதில் என்ன எழுதியிருக்கிறது?” என்று கன்னடத்தில் கேட்டாள். ராகு காலம், எமகண்டம் என்று படித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஆயுத பூஜை முடிந்து, இதே போன்ற ஒரு பையை இதே ஏரியில் நானும் எறிந்தவன். பூஜைப் பூவைக் குப்பைத்தொட்டியில் போடக்கூடாது என்பது வீட்டார் கட்டளை. ஸ்கூட்டரை நிறுத்தாமலே வீசினேன். அன்று கரையில் இதைச் சொல்ல வாய் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

ஏன் இந்தச் செடி?

ஆகாயத் தாமரை தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. சாக்கடை கலந்த தண்ணீர் அதற்கு உரம். இரண்டு வாரத்தில் இரு மடங்காகப் பெருகிவிடும். வெயிலை மறைத்து, தண்ணீரில் பிராண வாயுவைக் குறைத்துவிடும். 2016 மார்ச் மாதம் இந்த ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்ததை நம்மவர் பலர் நேரில் பார்த்திருப்பீர்கள். அப்போதும் சாக்கடையும் பிராண வாயுக் குறைவுமே காரணமாகச் சொல்லப்பட்டன.

ஏரிகளை இழப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. சிட்டி ஸ்டேஷன் எதிரே நாம் பஸ் ஏறும் இடம் ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரி. கண்டீரவ ஸ்டேடியம் நிற்கும் இடம் சம்பங்கி ஏரி. அல்சூர் ஏரி எப்படியோ தப்பிப் பிழைத்திருக்கிறது. அதன் அருகேதான் 18 வருஷம் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டு 9-ந் தேதி திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. மழையின் பெருமைக்குத் தனி அதிகாரம் வகுத்தவர் வள்ளுவர். அவர் பக்கத்தில் இப்படி ஒரு தண்ணீர்!

லாரி வரவில்லை

பதினோரு மணிக்குக் கரையில் ஆள் உயரக் குவியல். ஆனால், வருவதாகச் சொன்ன லாரி வரவில்லை. இரண்டாம் நாள் இரவு பெருமழை. குவியலில் ஒரு பகுதி மீண்டும் ஏரிக்குள் போய்விட்டது. அடுத்த ஞாயிறு பாதிப் பேர்தான் வந்தார்கள்.

அந்தத் தோல்வி சில பாடங்களைக் கற்றுத் தந்தது. செடியின் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஒரு நாள் வடியவிட்டால் சுமை குறையும். ஆனால், மழைத் தண்ணீர் எட்டாத மேட்டில்தான் குவிக்க வேண்டும். வேரோடு எடுக்க வேண்டும். துண்டு கிடந்தால் மறுபடி முளைக்கும். கையில் காயம் உள்ளவர்கள் தண்ணீரில் இறங்கக் கூடாது, எலிக் காய்ச்சல் பயம் உண்டு. நீச்சல் தெரிந்தாலும் ஆழத்துக்குப் போகக் கூடாது. சாக்கடை வரும் வழியை அடைக்காவிட்டால், எத்தனை ஞாயிறு இழுத்தாலும் செடி திரும்ப வரும். அதைக் கேட்டு மனுக் கொடுப்பதும் நம் வேலையே.

“பிறகு எதற்கு இந்தப் பாடு?” என்று என் மனைவியே கேட்டாள். ஸ்டேஷனில் ஒரு வண்டி போனதும் பிளாட்பாரம் பெருக்குகிறார்கள். அடுத்த வண்டி வந்ததும் மறுபடி குப்பை. அதற்காகத் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டோமா?

இந்த வருஷம் எங்கள் வீட்டுப் பிள்ளையார் பச்சை மண். வாளித் தண்ணீரில் கரைந்தார். துளசிச் செடிக்கு ஊற்றினோம். பூஜைப் பூவும் அதே மண்ணில்தான். வீட்டார் கட்டளையும் மீறப்படவில்லை.

வரும் ஞாயிறும் காலை ஆறு மணிக்கு அங்கே இருப்போம். துறட்டி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு கோணிப்பை கொண்டு வாருங்கள்.