விதைநெற் பெயரில் எழுத்தும் எண்ணும்

கண்டியைச் சூழ்ந்த உடுநுவர, யட்டிநுவர, ஹாரிஸ்பத்துவப் பகுதிகளில் நெல் விதைக்கும் கமக்காரர் பலர், விதைப் பையில் ‘பி.ஜி. 352’, ‘ஏ.டி. 362’ எனக் காணும் குறிகளை வெறும் பெயரென்றே கொள்வர். ஆயின் அக்குறிகளில் நெல்லின் பிறப்பிடமும் வயதும் அடங்கியுள்ளன.

முன்னெழுத்துக்கள் இனம் உருவான ஆராய்ச்சி நிலையத்தைக் குறிப்பன. அவை ஊர்ப்பெயரின் ஆங்கில வடிவத்தினின்று எடுக்கப்பட்டவை. பி.ஜி. என்பது குருநாகல் மாவட்டத்துப் பத்தலகொடையையும், பி.டபிள்யூ. பொம்புவலையையும், ஏ.டி. அம்பலாந்தோட்டையையும், எல்.டி. லபுதுவையையும் சுட்டும்.

மூன்றிலக்க எண்ணின் முதலிலக்கம் வயதை மாதக்கணக்கிற் கூறும். இறுதி இரண்டிலக்கங்கள் ஐம்பது அல்லது அதற்கு மேற்படின் அரை மாதம் கூட்டுக. எனவே பி.ஜி. 300 மூன்று மாத நெல், பி.ஜி. 250 இரண்டரை மாத நெல்; கீரிச் சம்பாவாகிய பி.ஜி. 360 மூன்றரை மாத நெல். பழைய இனங்களுக்கு இவ்விதி பொருந்தாது. பி.ஜி. 94-1 என்பதில் 94 வயதன்று. அதுவும் மூன்றரை மாத நெல்லே.

எச். என்னும் எழுத்துக்கு இடத்திற்கேற்பப் பொருள் வேறுபடும். 1950களின் பிற்பகுதியில் வெளிவந்த எச். 4, முருங்கைக்காயன் 302 என்னும் உள்நாட்டு நெல்லையும் இந்தோனேசிய மாஸ் நெல்லையும் கலந்து, பல தலைமுறை தெரிந்தெடுத்து நிலைபெறச் செய்த இனமாகும். அதன் விளைச்சலினின்று விதை எடுக்கலாம். பி.ஜி. 407எச். என ஈற்றில் வரும் எச். முதற்றலைமுறைக் கலப்பினத்தைக் குறிக்கும். அதன் நெல்லை மீண்டும் விதைப்பின் பயிர் ஒரு சீராக அமையாது, விளைவும் குன்றும். ஆகவே ஒவ்வொரு போகத்திற்கும் புதுவிதை வேண்டும்.

மழையையும் சிற்றோடைகளையும் நம்பிய படிக்கட்டு வயல்களில் இவ்வறிவு மிக இன்றியமையாதது. சிறுபோகத்தில் நீர் நிற்கும் காலத்தை அறியாது நான்கு மாத நெல்லை இட்டால், கதிர் பால்பிடிக்கும் வேளையில் வயல் வறண்டு மணி பதராகும். கூலியும் உரமும் வீணாம். குளிர்மிக்க உயர்நிலங்களில் நெல்லின் வயது சில நாட்கள் நீளும் என்பதையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

ஆதலின் கமக்காரர் விதை வாங்குமுன் தம் வாய்க்காலில் நீர் எத்தனை மாதம் ஓடுமென முதலிற் கணிக்க. பின்னர்ப் பையிலுள்ள எழுத்தையும் எண்ணையும் ஈற்றெழுத்தையும் படிக்க. ஐயம் எழுமாயின் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை விதைப்புக்கு முன்னரே கேட்டறிதல் நன்று.