புகைக்கு எல்லையும் விலையும்

நிலத்துக்கு வேலி உண்டு. வாய்க்கால் நீருக்கு முறை உண்டு. நாம் சுவாசிக்கும் வளிக்கோ வேலியுமில்லை, முறையுமில்லை. ஆதலின் ஆலை நடத்துவோர் இலாபத்தைத் தாம் கொண்டு, புகையை ஊராருக்கு விட்டுவிடுகின்றனர். இதனைத் தடுத்தற்குப் பொருளியலறிஞர் கண்ட வழிகளுள் ஒன்று, மாசு வெளியிடும் அனுமதியை அளந்து கொடுத்து, அதனை விற்கவும் வாங்கவும் விடுதலாகும். மாசைச் சந்தைப் பொருளாக்கினால் மாசு குறையுமோ என்னும் ஐயம் எவருக்கும் எழும். அதனை ஈண்டு ஆராய்வோம்.

அரசினர் முதலில், ஆலைகள் யாவும் சேர்ந்து ஓராண்டில் வெளியிடத்தக்க மாசின் மொத்த அளவை வரையறுப்பர். அவ்வளவுக்கு மட்டுமே, தொன் ஒன்றுக்கு ஒன்றாக, அனுமதிப்பத்திரங்கள் வழங்குவர். ஆண்டு முடிவில் ஒவ்வோர் ஆலையும் தான் வெளியிட்ட அளவுக்குரிய பத்திரங்களை ஒப்படைத்தல் வேண்டும்.

இரண்டு ஆலைகளைக் கற்பனை செய்வோம். ஒரு தொன் மாசைக் குறைக்க ஒன்றுக்கு 100 ரூபாவும் மற்றையதற்கு 500 ரூபாவும் செலவாகும். ஒவ்வொன்றும் 10 தொன் குறைக்குமாறு ஆணையிடின் மொத்தச் செலவு 6,000 ரூபா. முதல் ஆலையே 20 தொன்னையும் குறைத்து, மிஞ்சிய 10 பத்திரங்களை 300 ரூபா வீதம் மற்றையதற்கு விற்குமாயின், மொத்தச் செலவு 2,000 ரூபாவே. விற்றவருக்குச் செலவு போக 1,000 ரூபா கையில் நிற்கும். வாங்கியவருக்கு 2,000 ரூபா மிச்சம். வளியினின்று நீங்கிய மாசோ அதே 20 தொன்.

கனடா நாட்டுப் பொருளியலறிஞர் ஜோன் டேல்ஸ் 1968 இல் வெளியிட்ட நூலில் இம்முறையை விளக்கினார். அதனைப் பேரளவிற் செயற்படுத்தியது ஐக்கிய அமெரிக்கா. ஒஹாயோப் பள்ளத்தாக்கின் மின்னிலையங்கள் நிலக்கரியை எரித்தலால் எழுந்த கந்தகவீரொட்சைட்டைக் காற்று வடகிழக்கே கொண்டுசென்றது. அது அமில மழையாய் நியூ யோர்க் மாநிலத்து அடிரொண்டாக் மலை ஏரிகளில் வீழ, மீன்கள் மடிந்தன. 1990 ஆம் ஆண்டுச் சட்டம், மின்னிலையங்களின் மாசு ஈற்றில் ஆண்டுக்கு 89.5 இலட்சம் தொன்னை விஞ்சலாகாதென வகுத்தது. திட்டம் 1995 இல் நடைமுறைக்கு வந்தது. புகைபோக்கிகளில் இடையறாது அளக்கும் கருவிகள் பொருத்தப்பட்டன. அனுமதியை விஞ்சிய ஒவ்வொரு தொன்னுக்கும் 2,000 டொலர் தண்டம் குறிக்கப்பட்டது. அடுத்த ஆண்டின் அனுமதியிலும் அவ்வளவு கழிக்கப்படும். 1990 இல் ஏறத்தாழ 157 இலட்சம் தொன்னாயிருந்த மாசு, 2010 இல் 55 இலட்சத்துக்கும் குறைந்தது. புகையிரதக் கட்டணம் தாழ்ந்து, வையோமிங் மாநிலத்துக் கந்தகம் குறைந்த நிலக்கரி மலிவாய்க் கிடைத்தமையும், பின்வந்த விதிகளும் இதற்குத் துணையாயின என்பதை மறத்தலாகாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2005 இல் காபனீரொட்சைட்டுக்கு இம்முறையைத் தொடங்கியபோது, பத்திரங்களைத் தேவைக்கு மேலாக இலவசமாய் வழங்கிற்று. ஆதலின் 2007 இல் அவற்றின் விலை ஏறக்குறையப் பூச்சியமாயிற்று. சந்தை இருந்தது, எல்லை இருக்கவில்லை. பின்னர் எல்லை இறுக்கப்பட்டது. பத்திரங்கள் பெருமளவில் ஏலத்தில் விற்கப்பட்டன. 2023 அளவில் அத்துறைகளின் வெளியீடு 2005 இல் இருந்ததன் பாதியளவுக்கு இறங்கிற்று.

பணமுள்ளோர்க்குப் பாவம் செய்ய உரிமை விற்பதன்றோ இது என்பர் சிலர். முன்னரோ அவ்வுரிமை எல்லையின்றி இலவசமாயிருந்தது என்பதே அதற்கு விடை. வேறொரு கேள்வி இதனினும் வலியது. காபனீரொட்சைட்டு எங்கு எழினும் உலகு முழுவதையும் ஒருங்கே வெப்பமாக்கும். கந்தகப் புகையோ அருகே வாழ்வோரையே முதலில் வருத்தும். பத்திரம் வாங்கிய ஆலையின் அயலில் வாழும் ஏழைக்கு, தொலைவிலுள்ள ஆலை திருந்தியதால் ஆறுதலில்லை. அத்தகைய மாசுக்கு ஊர்தோறும் தனி வரம்பும் வேண்டும். அமெரிக்கச் சட்டமும் பிரதேச வளித்தர விதிகளை நீக்காது வைத்தது.

ஆகவே வளியைத் தூய்மையாக்குவது வணிகமன்று, எல்லையே. வணிகம் அவ்வெல்லைக்குட் செலவைச் சுருக்கும் கருவி மாத்திரமே. இத்தகைய திட்டமொன்றை எவரேனும் முன்வைப்பின், எல்லை இறுக்கமானதா, அளவீடு நேர்மையானதா, தண்டம் தப்பமுடியாததா என நாம் வினவுவோமாக. இம்மூன்றுக்கும் ஆம் என்னும் விடை கிடைத்த பின்னரே பத்திரத்தின் விலையைப் பற்றிப் பேசுதல் தகும்.