நிலநடுக்கத் திரள்: எண்ணிக்கையும் வலிமையும்

கடல் பொங்கி நிலத்தைக் கொள்வதைக் 'கடல்கோள்' எனக் குறித்தனர் நம் முன்னோர். இறையனார் அகப்பொருள் உரையில் படித்த அச்சொல்லின் பொருளைக் கடலூர் தேவனாம்பட்டினமும் சிதம்பரத்தை அடுத்த கிள்ளையும் 2004 டிசம்பர் 26 அன்று நேரிற் கண்டன. மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சுமத்திராக் கடலடியில் எழுந்த 9.1 அளவு நிலநடுக்கமே அதற்குக் காரணம். டிசம்பர் 30 அன்று மீண்டும் பேரலை வரக்கூடும் என்ற எச்சரிக்கை பரவவே, கரையோர மக்கள் ஊரை விட்டு ஓடினர். அலை வரவில்லை, அச்சம் மட்டும் நின்றது.

அவ்வச்சம் தணியுமுன், 2005 ஜனவரி இறுதியில், அந்தமான் கடலடியில் சில நாள்களுக்குள் 5க்குக் குறையாத அளவுடைய நிலநடுக்கங்கள் 150க்கு மேல் நிகழ்ந்தன. ஆயினும் பேரலை எழவில்லை. காரணம் யாது?

பெருநடுக்கத்தைத் தொடரும் பின்னதிர்வுகள் ஓர் ஒழுங்கில் குறைவன. முதல் நாளில் நூறு எனின், பத்தாம் நாளில் ஏறத்தாழப் பத்து. ஜப்பானிய அறிஞர் ஓமோரி 1894இல் கண்ட விதி இது. எரிமலைப் பகுதிகளில் மிகுதியாகத் தோன்றும் 'நிலநடுக்கத் திரள்' இவ்விதிக்கு எளிதில் அடங்குவதில்லை. அதற்குத் தலைமை நடுக்கம் ஒன்றில்லை. ஏறத்தாழ ஒத்த அளவுடைய பல நடுக்கங்கள் ஏறியும் இறங்கியும் நிகழ்ந்து மெல்ல ஓயும். பாறைக்குழம்போ வெப்பநீரோ நிலத்தடி வெடிப்புகளில் புகுந்து நெருக்குவது இதற்கொரு காரணம். பொதுவாக, அளவு ஒன்று கூடினால் எண்ணிக்கை பத்தில் ஒன்றாகக் குறையும். எரிமலைத் திரள்களிலோ சிறு நடுக்கங்களின் பங்கு இதனினும் மிகுவதுண்டு.

இனி வலிமையை நோக்குவோம். அளவு ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்காகும். எனவே 9.1 அளவு நடுக்கம் ஒன்றின் ஆற்றலுக்கு 5.9 அளவு நடுக்கங்கள் அறுபதாயிரத்துக்கு மேல் வேண்டும். நூற்றைம்பது எம்மாத்திரம்! மேலும், பெரும்பரப்பில் கடற்படுகை உயர்ந்தோ தாழ்ந்தோ பெயர்ந்தாலன்றிப் பெருங்கடல்கோள் எழுவது அரிது.

அதே ஆண்டு மே மாதம் அந்தமானின் பாரன் தீவு எரிமலை கனன்றது. ஒன்றன்பின் ஒன்று வந்ததனாலேயே முன்னது காரணம், பின்னது காரியம் எனத் துணிதல் தருக்கமாகாது.

திரளின் கணக்கு அதன் இயல்பைக் கூறுமேயன்றி, அடுத்த நடுக்கத்தின் நாளைக் கூறாது. நாள் குறித்து வரும் வதந்தியை மாணவர் நம்புதல் வேண்டா. 2007இல் ஐதராபாத்தில் தொடங்கிய ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் அறிவிப்பின், ஒரு நொடியும் தாழ்த்தாது மேட்டுநிலம் சேர்தல் வேண்டும். இவ்விரண்டையும் கரையோரக் குடும்பங்களுக்கு எடுத்துரைப்பது கற்றோர் கடன்.