பல் வைத்திய நிலையம் கைமாறுதல்: தரகரின் கடமை

மலைநாட்டிலே தரகர் என்றவுடன் நம்மவர் நினைவில் வருபவர் தேயிலைத் தரகரே. 1883ஆம் ஆண்டு யூலை மாதம் 30ஆம் நாள் கொழும்பில் முதலாவது தேயிலை ஏலம் நடைபெற்றது. அன்று தொட்டு ஹற்றனிலும் நுவரெலியாவிலும் பறிக்கப்படும் கொழுந்து தேயிலையாகி விலைப்படுவது பெரும்பாலும் தரகர் வழியாகவே. அவர் மாதிரியைச் சுவைத்துத் தரங் காண்கிறார், விலை மதிக்கிறார், அட்டவணையிற் சேர்க்கிறார், விற்பவருக்காக ஏலங் கூறுகிறார். 2020ஆம் ஆண்டில் ஏலம் மின்வலைக்கு மாறிய பின்னரும் இவ்வொழுங்கு மாறவில்லை.

தேயிலையை வாயிலிட்டுப் பார்த்து மதிப்பிடலாம். ஆனால், ஒரு பல் வைத்தியர் முப்பது ஆண்டு உழைத்து வளர்த்த வைத்திய நிலையம் விலைக்கு வருமாயின் எதனைச் சுவைத்துப் பார்ப்பது? பிரித்தானியா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளில் இவ்வினாவுக்கு விடை காண்பதையே தொழிலாகக் கொண்ட தரகர் உளர். அவர்தம் பணி இன்னதென விளக்கி, நம் மலையகத்தில் அப்பணியை மேற்கொள்வார் எதனை மறத்தலாகாது என்று கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். வைத்தியம், கணக்கியல், சட்டம் ஆகிய துறைகளிற் புகவிருக்கும் மாணவர்க்கு இது பயன்படுமென நம்புகிறேன்.

விற்கப்படுவன மூன்று. முதலாவது கண்ணாற் காணும் பொருள்: நாற்காலி, கிருமிநீக்கும் பொறி, எக்ஸ்-கதிர்ப் பொறி முதலியன. இரண்டாவது இடம்: சொந்தக் கட்டடம் அல்லது குத்தகை உரிமை. மூன்றாவது நன்மதிப்பு. இம்மூன்றாவதே மதிப்பிடுதற்கு அரியது.

நன்மதிப்பு யாது? பழைய வாடிக்கையாளர் பழைய இடத்துக்கே மீண்டும் வருவர் என்னும் எதிர்பார்ப்பே அது என 1810இல் எல்டன் பிரபு கருதினார். வாடிக்கையை ஈர்க்கும் ஆற்றலே அது என 1901இல் மக்நாட்டன் பிரபு விரித்துரைத்தார். முன்னையது இடத்தைச் சார்ந்தது; பின்னையது ஆளையும் பெயரையும் தழுவியது. மஸ்கெலியாவிலிருந்தோ பொகவந்தலாவையிலிருந்தோ பஸ் ஏறி ஹற்றனுக்கு வரும் நோயாளி, நிலையம் பஸ் தரிப்பிடத்துக்கு அண்மையில் இருப்பதால் வருகிறாரா, வைத்தியரின் கைராசியை நம்பி வருகிறாரா? முன்னையதாயின் நன்மதிப்பு வாங்குபவரிடம் நிலைக்கும். பின்னையதாயின் வைத்தியர் ஓய்வுபெறும் நாளில் அதுவும் அவருடனேயே செல்லும். இதனைப் பிரித்தறிபவரே நல்ல தரகர்.

நன்மதிப்பை விற்கலாமா என்பதிலேயே கருத்து வேற்றுமை உண்டு. 1948ஆம் ஆண்டில் பிரித்தானியாவிலே தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது, அதிற் சேர்ந்த பொது வைத்தியர்கள் தம் நன்மதிப்பை விற்பது தடுக்கப்பட்டது. அதற்கு ஈடாக 66 மில்லியன் பவுண் ஒதுக்கப்பட்டது. பல் வைத்தியர்களுக்கோ அத்தடை விதிக்கப்படவில்லை.

மதிப்பிடும் முறையை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்குவோம். ஒரு நிலையத்தின் ஆண்டு வருவாய் 60 இலட்சம் ரூபா. செலவு 35 இலட்சம். மிச்சம் 25 இலட்சம். இந்த 25 இலட்சமும் இலாபமெனக் கொள்வது பிழை. அதே வேலைக்கு வேறொரு வைத்தியரை அமர்த்தின் 18 இலட்சம் கொடுக்க வேண்டுமாயின், எஞ்சும் 7 இலட்சமே நிலையம் ஈட்டிய இலாபம். நன்மதிப்பின் விலைக்கு இதுவே அடிப்படை. ஓராண்டுக் கணக்கை மட்டும் நம்பாது மூன்றாண்டுக் கணக்கை ஒப்பிடுதல் வேண்டும்.

அடுத்தது இரகசியம். விற்பனைச் செய்தி முன்கூட்டியே கசியுமாயின் உதவியாளர் வேறு வேலை தேடுவர். நோயாளர் வேறிடம் நாடுவர். விற்குமுன்னரே பொருள் தேய்ந்துவிடும். ஆதலால் தரகர் முதலிற் பெயர் கூறாது விவரம் மட்டும் தருவார். வாங்க விரும்புபவர் இரகசியம் காப்பதாகக் கையொப்பமிட்ட பின்னரே கணக்கேடு காட்டப்படும். வங்கிக் கடன், குத்தகை மாற்றம், விற்றவர் அண்மையிலே மீண்டும் நிலையம் திறவாதிருக்கும் நிபந்தனை, முற்பணம் பெற்று முடிக்காத பொய்ப்பல் வேலைகள் ஆகிய யாவும் உடன்படிக்கையில் இடம்பெற வேண்டும்.

விற்க முடியாதனவும் உள. 1927ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க வைத்தியக் கட்டளைச் சட்டத்தின்படி பல் வைத்தியராகப் பதிவு பெற்ற தகுதி ஆளுக்கே உரியது, நிலையத்துக்கு உரியதன்று. தனியார் நிலையமும் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யப்பட வேண்டும். நோயாளரின் உடல்நல விவரங்களை 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிக் காப்புக்குரியனவாக வகுத்துள்ளது. எனவே நோயாளர் தொகையைக் காட்டலாம். பெயர்ப் பட்டியலைக் கடைச்சரக்குப்போல் விரித்தல் தகாது.

இனித் தரகர் யார் பக்கம் நிற்பவர்? பெரும்பாலும் விற்பவரே கூலி கொடுக்கிறார். அக்கூலியும் விலையில் ஒரு வீதமாக, விற்பனை முடிந்த பின்னரே கிடைக்கிறது. ஆகவே விலையை உயர்த்தவும் காரியத்தை விரைவில் முடிக்கவும் தரகருக்கு ஆசை எழுதல் இயல்பு. பேராதனையிற் பட்டம் பெற்று, கடன்பட்டு நிலையம் வாங்க வரும் இளைஞர் இதனை அறியாதிருத்தல் கூடாது. தாம் யாருக்காகப் பேசுகிறார் என்பதைத் தரகர் முதற் சந்திப்பிலேயே கூறிவிடல் வேண்டும்; வாங்குபவரும் தமக்கெனக் கணக்காளரையும் சட்டத்தரணியையும் வைத்துக்கொள்ளல் வேண்டும். பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணுவதே வாணிகருக்கு வாணிகம் என்பது வள்ளுவர் கருத்தன்றோ?

எனினும் பேச்சு மேசையில் அமராத மூன்றாமவர் ஒருவர் உண்டு. அவரே நோயாளி. இலங்கை ஆடவரிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். வெற்றிலை போடும் வழக்கம் தோட்டங்களில் ஆண் பெண் இருபாலாரிடமும் வேரூன்றியது. புகையிலை சேராத வெற்றிலைச் சுருளும், பாக்கும்கூடப் புற்றுநோய் விளைப்பன என உலக சுகாதார தாபனத்தின் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட நூலிற் கூறியுள்ளது. வாயினுள் வெள்ளைப் படலம் கண்ட கொழுந்து பறிக்கும் தாய் ஒருத்தியை மூன்று மாதத்தில் மீண்டும் வருமாறு பழைய வைத்தியர் அட்டையில் எழுதி வைத்திருக்கலாம். அவள் ஒரு நாட் பேரை இழந்து, பஸ் ஏறி வந்து பார்க்கும்போது கதவு பூட்டியிருந்தால், அல்லது உள்ளிருக்கும் புதியவர் அவ்வட்டையைக் கண்டிராவிடின், மறுமுறை அவள் வருவாளா? நோவில்லாத புண்ணை அவள் பொருட்படுத்தாள். அடுத்த முறை வரும்போது காலம் கடந்திருக்கும்.

அவ்வட்டைக்குக் கணக்கேட்டில் விலையில்லை. ஆயினும் கைமாறும் பொருள்களுள் அதுவே முதன்மையானது. ஆகையால் மீள் பரிசோதனைக்குரியோர் பட்டியல் சட்டத்துக்கு அமையப் புதியவரிடம் ஒப்படைக்கப்படுதலையும், சில வாரமேனும் பழையவர் உடனிருந்து நோயாளரை அறிமுகஞ் செய்தலையும் தரகர் உடன்படிக்கையிலேயே எழுதுவிக்க வேண்டும். அவை நிறைவேறிய பின்னரே தம் கூலியைப் பெறுவதென அவர் விதித்துக்கொள்வாராயின், அவர் தொழிலும் பிற நற்றொழில்களோடு ஒருங்கே மதிக்கப்படும்.

தேயிலை கைமாறினால் தேயிலை மட்டுமே செல்கிறது. வைத்திய நிலையம் கைமாறும்போது ஊராரின் நம்பிக்கையும் உடன் செல்கிறது. அதனைச் சிந்தாமற் சிதறாமல் ஒரு கையிலிருந்து மறு கைக்குச் சேர்ப்பிப்பதே தரகரின் கடமை.