கரைத்துவிட்டால் சாட்சி போச்சு

லண்டனின் அப்டன் பார்க்கில் டிஸ்டிரிக்ட் லைன் ரயிலேறினால், கிழக்கே ஆறாவது நிறுத்தம் டாகன்ஹாம் ஈஸ்ட். அப்டன் பார்க்கின் கிரீன் ஸ்ட்ரீட்டுக்குப் புடவையும் முருங்கைக்காயும் வாங்க வருகிற நம்மவர்களுக்கு அந்தப் பக்கம் பெரிதாக வேலையில்லை. மே அண்ட் பேக்கர் மருந்து ஆலை 1934 முதல் அங்கேதான் ஓடியது. 1943 டிசம்பரில் நிமோனியாவோடு படுத்த சர்ச்சிலுக்குக் கொடுத்த 'எம் அண்ட் பி 693' அந்த ஆலையின் சரக்கு. புகழெல்லாம் அதற்குப் போனது. படிக ஆய்வாளர்களைப் பாடாய்ப் படுத்தியதோ அதன் தம்பி 'எம் அண்ட் பி 760', அதாவது சல்ஃபாதயசோல்.

மூலக்கூறு ஒன்றே. ஆனால் அது படிகமாகும்போது அடுக்கிக்கொள்ளும் விதங்களில் நன்கு அறியப்பட்டவை மட்டும் ஐந்து; அவற்றை முதலாம் உருவம், இரண்டாம் உருவம் என்று எண்ணிட்டு அழைப்பார்கள். அடுக்கு மாறினால் கரையும் வேகம் மாறும்; சில மருந்துகளில் ரத்தத்தில் சேரும் அளவும் மாறிப்போகும்.

கையிலிருப்பது எந்த உருவம்? ஆலைகளில் அன்றாடம் ஓடும் எச்பிஎல்சி இதைச் சொல்லாது. அது மருந்தைக் கரைத்துப் பார்க்கும் கருவி. கரைந்த கணமே அடுக்கு கலைந்து ஐந்தும் ஒன்றாகிவிடும். தூளைத் தூளாகவே விசாரிக்க வேண்டும்.

உருகுநிலையும் ஏமாற்றும். சூடேறும்போதே சில உருவங்கள் முதலாம் உருவத்துக்குத் தாவிவிடும். கடைசியில் உருகுவது அதுதான், 200 டிகிரி செல்சியஸை ஒட்டி. தூள் வெப்பத்தை உள்வாங்குவதையும் வெளிவிடுவதையும் வரைந்து காட்டும் டிஎஸ்சி கருவியில்தான் இடையில் நடந்த அந்தத் தாவல் சிறு மேடாகத் தெரியும். அகச்சிவப்பு (ஐஆர்) சோதனைக்காகப் பொட்டாசியம் புரோமைடோடு அரைத்து அழுத்துகிற வேலையே சில மருந்துகளின் உருவத்தை மாற்றிவிடுவதும் உண்டு.

எக்ஸ்ரே சிதறலே முதல் சாட்சி. ஒவ்வோர் அடுக்குக்கும் கைரேகை மாதிரி ஒரு கோட்டு வரிசை கிடைக்கும். ஆனால் சல்ஃபாதயசோலின் மூன்றாம், நான்காம் உருவங்களின் அடுக்குகள் ஏறக்குறைய ஒத்தவை. திட நிலை என்எம்ஆர் அங்கே கைகொடுக்கிறது: மூன்றில் இருவகைச் சூழலில் மூலக்கூறுகள் இருப்பதால் சில கோடுகள் இரட்டையாகப் பிரியும், நான்கில் பிரியாது. ஒரே கருவியை நம்பிக் கையெழுத்துப் போடுவது அசட்டுத் துணிச்சல் என்பேன்.

ஒரே சோதனை முழுக்கதையையும் சொல்லாது என்பதை ஆபட் நிறுவனம் அனுபவத்தில் கண்டது. அதன் எச்ஐவி மருந்து ரிடோனவிர் 1996-ல் சந்தைக்கு வந்தபோது அறியப்பட்டிருந்தது ஒரே உருவம். 1998-ல் சில தொகுதிக் காப்ஸ்யூல்கள் கரைதல் சோதனையில் தோற்றன. ஏதோ கோளாறு என்று மட்டுமே அந்தச் சோதனையால் சொல்ல முடிந்தது; குறைவாகக் கரைகிற இரண்டாம் உருவம் ஒன்று முளைத்திருப்பதை நுண்ணோக்கியும் எக்ஸ்ரேயும் காட்டிக்கொடுத்தன. அதன் பிறகு பழைய உருவத்தை ஆலையில் எடுப்பதே பெரும்பாடாகிவிட்டது. காப்ஸ்யூல் கடைகளிலிருந்து மறைந்தது. திரும்பியது 1999-ல், குளிர்பெட்டியில் வைக்க வேண்டிய மென் காப்ஸ்யூலாக.