பெயர் மறைத்து விற்கப்படும் விடுதி அறைகள்

தங்கும் விடுதியின் பெயரைக் காட்டாமல், அது நகரின் எந்தப் பகுதியில் இருக்கிறது, எத்தனை நட்சத்திரத் தரம் உடையது, ஓர் இரவுக்கு விலை என்ன என்பவற்றை மட்டும் காட்டி அறைகளை இணையத்தில் தள்ளுபடி விலைக்கு விற்கும் முறை ஒன்று உண்டு. இதை மறைபெயர் முன்பதிவு எனலாம். பணம் கட்டி முடித்த பிறகுதான் எந்த விடுதி என்று தெரியவரும். பெரும்பாலும் அந்தப் பணம் திரும்பக் கிடைக்காது. தேதியையும் மாற்ற முடியாது.

இவ்வகையில் நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதியில் அறை எடுப்பவர்களுக்கு ஒரு தனிக் கவலை வாய்க்கிறது. பெயர் தெரிந்த கையோடு அந்த விடுதியைப் பற்றித் தேடுகிறார்கள். ‘அறை தீப்பெட்டி போல இருக்கிறது’, ‘பெட்டியைத் திறக்க இடமில்லை’ என்று முன்பு தங்கியவர்கள் எழுதியிருப்பது கண்ணில் படுகிறது. பயண நாள் வரை அதே நினைப்பாகிவிடுகிறது. இந்தக் கவலை வீண் கவலையும் அன்று, முழுக்க நியாயமான கவலையும் அன்று. அறைகள் ஏன் இப்படி விற்கப்படுகின்றன, மன்ஹாட்டன் அறைகள் ஏன் சிறியவை என்ற இரண்டும் தெரிந்தால் எதற்குக் கவலைப்படலாம், எதை விட்டுவிடலாம் என்பது விளங்கும்.

விற்பனை முறையின் தோற்றம்

விடுதி அறை மீன், காய்கறியை விடவும் விரைவில் கெடும் சரக்கு. இன்றிரவு விற்காத அறையை நாளைக்கு விற்க முடியாது; அந்த இரவின் வருமானம் போனது போனதுதான். ஆள் தங்கினால் ஆகும் கூடுதல் செலவோ துப்புரவு, துணி வெளுப்பு, சோப்பு, தண்ணீர், மின்சாரம் என்ற அளவில் நின்றுவிடும். ஆகவே பாதி விலைக்குக் கொடுத்தாலும் விடுதிக்கு லாபமே. ஆனால் பாதி விலை என்று வெளிப்படையாக அறிவித்தால் முழு விலை கொடுக்க இருந்தவர்களும் காத்திருக்கத் தொடங்குவார்கள். விடுதியின் பெயரும் மலிந்துவிடும். பெயரை மறைப்பது இந்தச் சிக்கலுக்குக் கண்ட வழி. எந்த விடுதியானாலும் சரி என்பவருக்கு மட்டும் குறைந்த விலை, இந்த விடுதிதான் வேண்டும் என்பவருக்கு முழு விலை.

அமெரிக்காவில் ஜே வாக்கர் தொடங்கிய பிரைஸ்லைன் நிறுவனம் 1998இல் இதை இணையத்துக்குக் கொண்டுவந்தது. வாங்குபவரே தான் தரக்கூடிய விலையைச் சொல்ல வேண்டும். அந்த விலையை ஏற்கும் விடுதி இருந்தால் கடன் அட்டையிலிருந்து உடனே பணம் எடுக்கப்படும். முதலில் விமானச் சீட்டு, பிறகு விடுதி அறை என்று இது பரவியது. 2000இல் தொடங்கிய ஹாட்வயர் நிறுவனம் பேரம் பேசுவதை விட்டுவிட்டு, விலையைக் காட்டிப் பெயரை மட்டும் மறைத்தது. பிரைஸ்லைன் விமானச் சீட்டுக்கான பேர முறையை 2016இல் நிறுத்தியது. பின்னர் விடுதிகளுக்கும் அது இல்லாமல் போனது. விலை காட்டிப் பெயர் மறைக்கும் முறையே இன்று நிலைத்திருக்கிறது.

வாங்குபவருக்குப் பொதுவாகத் தரப்படும் உறுதி ஒன்றுதான்: இரண்டு பெரியவர்கள் தங்கக்கூடிய ஓர் அறை. ஒரு பெரிய கட்டிலா, இரண்டு கட்டில்களா, எந்த மாடி, சன்னலுக்கு வெளியே என்ன தெரியும் என்பவற்றுக்கு உறுதி கிடையாது. முழு விலை கொடுத்தவர்களுக்கும் விடுதியின் நிலையான வாடிக்கையாளர்களுக்கும் ஒதுக்கியது போக மிஞ்சும் அறை வருவதே இயல்பு. பழைய கட்டடங்களில் அப்படி மிஞ்சுவது பெரும்பாலும் இருப்பதிலேயே சிறிய அறை.

மன்ஹாட்டன் அறைகள் ஏன் சிறியவை

நிலத்தின் விலை அதிகம் என்பது எல்லாரும் சொல்லும் காரணம். அது உண்மைதான், ஆனால் பாதிக் காரணம். மற்றப் பாதி கட்டடங்களின் பழைய வரலாற்றில் இருக்கிறது. இன்று விடுதியாக நடக்கும் பல கட்டடங்கள் சுற்றுலாப் பயணிகளுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. தனியாக வேலைக்கு வந்தவர்கள் வாரக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் தங்கிய இல்லங்கள் அவை. ஒருவருக்கு ஒரு கட்டில், ஒரு மேசை, துணி மாட்ட ஓரிடம் போதும் என்ற கணக்கில் சுவர்கள் எழுந்தன. அந்தச் சுவர்களை இடித்துப் பெரிதாக்கினால் அறைகளின் எண்ணிக்கை குறையும் என்பதால் பின்வந்தவர்கள் அவற்றைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டார்கள்.

மேற்கு 58ஆம் தெருவில் இருந்த ஹட்சன் விடுதி நல்ல எடுத்துக்காட்டு. வேலைக்குப் போகும் பெண்களுக்காக அமெரிக்கப் பெண்கள் சங்கம் 1929இல் கட்டிய மாளிகை அது. பெருஞ்செல்வர் ஜே. பி. மார்கனின் மகள் ஆன் மார்கன் அந்த முயற்சிக்கு முன்னின்றார். ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறிய அறைகள். கூடிப் பேசவும் பழகவும் பெரிய கூடங்கள். பொருளாதார வீழ்ச்சியில் சங்கம் நொடித்தது. 1941இல் அது ஹென்றி ஹட்சன் என்ற பெயரில் பொது விடுதியானது. 2000இல் இயன் ஷ்ரேகர், பிரெஞ்சு வடிவமைப்பாளர் பிலிப் ஸ்டார்க்கைக் கொண்டு அதை நாகரிக விடுதியாக மாற்றித் திறந்தார். கூடங்கள் பளபளத்தன; அறைகள் ஏறக்குறைய 150 சதுர அடியிலேயே நின்றன. 1920களில் ஒரு பெண் தனியாக வாழ்வதற்கு வகுத்த இடத்தில் 2000களில் இருவரும் அவர்களின் இரண்டு பெரிய பெட்டிகளும் நுழைந்தபோது நெருக்கடி ஏற்பட்டதில் வியப்பில்லை.

இதைவிடச் சிறியது ஜேன் தெருவில் உள்ள கட்டடம். கடலோடிகள் கரையில் இறங்கும்போது தங்குவதற்காக 1908இல் எழுந்த இல்லம். எல்லிஸ் தீவின் குடியேற்ற நிலையத்தை வடிவமைத்தவர்களில் ஒருவரான வில்லியம் போரிங் இதை வடிவமைத்தார். 1912இல் டைட்டானிக் மூழ்கியபோது உயிர் பிழைத்த கப்பல் ஊழியர்கள் இங்கேதான் தங்க வைக்கப்பட்டார்கள். 2008இல் இது ஜேன் என்ற விடுதியானபோது கப்பல் அறை போன்ற சுமார் 50 சதுர அடி அறைகள் அப்படியே வாடகைக்கு விடப்பட்டன, குளியலறை பொது. கிழக்கு 51ஆம் தெருவில் பிக்விக் ஆர்ம்ஸ் என்ற பழைய மலிவு விடுதி 2007இல் பாட் விடுதியாக உருமாறியபோது சிறுமையே விளம்பரமானது. ‘சிறியது’ என்பதற்குப் பதில் வேறு சொல் வைத்தால் குறை அழகாகிவிடும் என்பதை விடுதித் தொழில் நன்றாகக் கற்றிருக்கிறது.

150 சதுர அடி என்றால் என்ன என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்காவில் வழக்கமான சிறு குளியலறை 5 அடிக்கு 8 அடி; அது 40 சதுர அடி. மீதி 110. குயின் எனப்படும் கட்டில் 5 அடி அகலமும் 6 அடி 8 அங்குல நீளமும் கொண்டது. அது 33 சதுர அடியை எடுத்துக்கொள்ளும். எஞ்சிய 77 சதுர அடியில் மேசை, நாற்காலி, கதவு திறக்கும் இடம், கட்டிலைச் சுற்றி நடக்கும் வழி எல்லாம் அடங்க வேண்டும். பகல் முழுதும் ஊர் சுற்றிவிட்டு இரவில் படுக்க வரும் இருவருக்கு இது போதும். கைக்குழந்தையின் தொட்டிலைப் போட வேண்டுமென்றால் போதாது. இணையதளப் படங்களை நம்பி இதை முடிவு செய்ய இயலாது. அவை அறையின் மூலையில் நின்று அகலக் கோண வில்லையால் எடுக்கப்படுவதால், சுவர் தள்ளிப் போனது போலத் தோன்றும். விடுதியின் சொந்தத் தளத்தில் சதுர அடிக் கணக்கு இருந்தால் அதுவே நம்பத் தகுந்தது.

கவலையின் இயல்பு

பொருளைத் தேர்ந்து வாங்கியவர் அதைத் தமக்குள் நியாயப்படுத்திக்கொள்வார். அமெரிக்க உளவியலாளர் ஜாக் பிரெம் 1956இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வீட்டுக் கருவிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்த பெண்கள், பிறகு தாம் எடுத்ததை முன்னிலும் உயர்வாகவும் விட்டதைத் தாழ்வாகவும் மதிப்பிட்டார்கள். மறைபெயர் முன்பதிவில் இந்த ஆறுதல் எளிதில் கிடைப்பதில்லை. விலையைத் தேர்ந்தவர் இவர். விடுதியைத் தேர்ந்ததோ கணினி. தாம் தேர்ந்தெடுக்காத ஒன்றுக்காக மனம் வாதாடுவதில்லை. அதனால்தான் ஒரு நல்ல கருத்தையும் மூன்று கெட்ட கருத்துகளையும் படித்தவருக்குக் கெட்டவை மட்டுமே நினைவில் தங்குகின்றன.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. டேனியல் கில்பர்ட், ஜேன் ஈபர்ட் ஆகியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், புகைப்பட வகுப்பு மாணவர்கள் தாம் எடுத்த படங்களில் ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லப்பட்டது. பின்னர் மாற்றிக்கொள்ளலாம் என்று சிலரிடமும், மாற்றவே முடியாது என்று சிலரிடமும் கூறினார்கள். மாற்ற முடியாதவர்களே தம் படத்தை அதிகம் விரும்பினார்கள். பணம் திரும்பாது என்ற விதி கையைக் கட்டுகிறது. கூடவே, இன்னும் மலிவாக ஏதும் கிடைக்குமா என்ற முடிவில்லாத தேடலையும் நிறுத்தி வைக்கிறது.

செய்யக்கூடியவை

அறையின் அளவை விடப் பணக் கணக்கைச் சரிபார்ப்பது அவசரமானது. நியூயார்க்கில் விடுதி அறைக்கான வரிகள் சேர்ந்து 14.75 விழுக்காடு, அதோடு ஓர் இரவுக்கு 3.50 டாலர். 100 டாலர் அறை 118.25 டாலர் ஆகும். இதற்கு மேல் விடுதியில் நேரடியாக வாங்கும் ‘வசதிக் கட்டணம்’ தள்ளுபடி முழுவதையும் விழுங்கிவிடக் கூடியது. மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்ற அமெரிக்க நடுவண் வணிக ஆணைய விதி 2025 மே 12 முதல் நடப்பில் உள்ளது.

பெயர் தெரிந்த பின் விடுதியையே தொலைபேசியில் அழைப்பது பயன் தரும். முன்பதிவு விடுதிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, இரண்டு கட்டில் வேண்டுமா, மேல் மாடி வேண்டுமா என்பதைச் சொல்லி வைக்கலாம். அது கோரிக்கைதான், உரிமை அன்று. ஆனாலும் அறை ஒதுக்கும் ஊழியர் திரையில் அந்தக் குறிப்பு இருக்கும். வந்த பிறகு அறை பிடிக்காவிட்டால், பெட்டியைத் திறக்காமல், கட்டிலில் உட்காராமல் உடனே கீழே இறங்கிக் கேட்க வேண்டும். கலைந்த அறையை மறுபடி ஒழுங்கு செய்ய ஆள் வேண்டும் என்பதால் பிறகு கேட்டால் மறுப்பே வரும். சற்றுக் கூடுதல் பணத்துக்குப் பெரிய அறை கிடைக்குமா என்று கேட்பதும் வழக்கம். கூட்டம் குறைந்த நாளில் அந்தத் தொகை சிறியதாக இருக்கும்.

மூன்று அல்லது நான்கு பேர் கொண்ட குடும்பம் இம்முறையைத் தவிர்ப்பதே நல்லது. இருவருக்கான உறுதியை நம்பி நால்வர் போய் நின்றால், வாசலில் இன்னோர் அறைக்கு அன்றைய முழு விலை கொடுக்க நேரும். சக்கர நாற்காலி பயன்படுத்துவோருக்கு நிலைமை இன்னும் கடினம். அவர்களுக்கு ஏற்ற அறையை விவரித்து, பதிவானதும் அதைப் பிறருக்குத் தராமல் ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் 2012 மார்ச் 15 முதல் விடுதிகளுக்குள்ள கடமை. எனினும் பெயரே தெரியாத விடுதியில் வாசற்கதவின் அகலத்தை முன்கூட்டிக் கேட்டறிய வழியில்லை. அவர்கள் விடுதியிடமே நேராகப் பதிவு செய்வது நலம்.

பிற நகரங்கள்

லண்டனில் 2005இல் திறந்த ஈசிஹோட்டல், சன்னல் உள்ள அறைக்குக் கூடுதல் விலை வைத்தது. ஒசாகாவில் 1979இல் கிஷோ குரோகாவா வடிவமைத்த முதல் கூண்டு விடுதியில் அறை என்பதே இல்லை. ஆள் படுக்கும் பெட்டி மட்டும். ஜப்பானில் 2018 சட்டத் திருத்தத்துக்குப் பின் கட்டில் போட்ட விடுதி அறைக்குக் குறைந்த அளவு 9 சதுர மீட்டர், அதாவது சுமார் 97 சதுர அடி. அங்கே ‘செமி டபுள்’ என்று எழுதியிருந்தால் கட்டில் 120 சென்டிமீட்டர் அகலம் என்று பொருள். இருவருக்கு என்றே அது விற்கப்படும். ஒருவர் தாராளமாகப் படுக்கலாம்.