கண்கட்டிக்கு எண்ணெயா, ஒத்தணமா?

காலபோக அறுவடை நாட்களில் வெட்டு மெசின் கிளப்புகிற தூசி வயலோடு நின்றுவிடுவதில்லை. கிளிநொச்சியின் வெயிலில் வியர்வையும் தூசியும் படிந்த கையால் கண்ணைக் கசக்காமல் இருப்பது கடினம். இமை மயிரின் வேரை ஒட்டிச் சின்னஞ்சிறு எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று அடைபட்டு, நம் தோலிலும் மூக்கிலும் சாதாரணமாகவே குடியிருக்கும் ஸ்டெபிலோகொக்கஸ் பற்றீரியா அதற்குள் பெருகினால், இமை விளிம்பில் சிவந்து, தொட்டால் நோகிற கட்டி எழும்பும். அதுதான் கண்கட்டி. முன்பு இதற்குக் கராம்பை உரசிப் பூசினார்கள். இப்போது டீ ட்ரீ எண்ணெய், யூக்கலிப்டஸ் எண்ணெய், கராம்பு எண்ணெய் என்று சிறு குப்பிகளில் வரும் வாசனை எண்ணெய்களில் ஒரு சொட்டு வைத்தால் போதும் என்ற ஆலோசனை கைபேசி வழியாக வீடுகளுக்குள் வந்துவிட்டது. இந்த ஆலோசனை தவறு. கண்கட்டி ஆறுவதற்கு எண்ணெய் தேவையில்லை. கண்ணுக்கு அது கேடும் செய்யும்.

நம்பிக்கைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவுஸ்திரேலிய மரம் ஒன்றின் இலையிலிருந்து வடிக்கப்படும் டீ ட்ரீ எண்ணெய், ஆய்வுகூடத்துத் தட்டில் கிருமிகளைக் கொல்கிறது. இமை மயிரில் வாழும் நுண்ணிய பூச்சிகளால் வருகிற இமை அழற்சிக்குக் கண் வைத்தியர்கள் இதை ஐதாக்கிப் பயன்படுத்தியும் இருக்கிறார்கள். ஆனால் அது வேறு நோய், அளவு பார்த்துச் செய்யும் வைத்தியம். 2020 இல் வெளிவந்த ஓர் ஆய்வுகூடச் சோதனையில், அந்த எண்ணெயின் முக்கிய கூறான டெர்பினென்-4-ஓல், பூச்சியைக் கொல்லத் தேவைப்படும் செறிவைவிடப் பத்து மடங்கு, நூறு மடங்கு குறைவாக இருந்தபோதே இமைச் சுரப்பியின் உயிரணுக்களைப் பாதித்தது. கண்கட்டி என்பதே அடைபட்ட சுரப்பியின் வருத்தம். அந்தச் சுரப்பிக்கே நஞ்சாகக் கூடிய ஒன்றை அதன் மேல் பூசுவதில் என்ன நியாயம்?

“கராம்பு எங்கள் அம்மம்மா காலத்து மருந்து, அதன் எண்ணெய் மட்டும் எப்படிக் கூடாது?” என்று கேட்கலாம். கராம்பைக் கல்லில் நாலு தரம் உரசினால் சந்தனம் போல ஒரு பூச்சு வரும்; அதில் இருக்கும் சத்து மிகக் கொஞ்சம். குப்பியில் இருப்பதோ ஏராளமான மொட்டுகளை நீராவியில் வடித்தெடுத்த சாரம். அதில் பெரும்பகுதி தோலை எரிக்கக்கூடிய யூஜினோல். உடம்பிலேயே மிக மெல்லிய தோல் இமைத்தோல். அதன் விளிம்பில் வைத்த எண்ணெய் அங்கேயே நிற்காது. நாலு தரம் கண் சிமிட்டினால் கருவிழிக்குப் போய்விடும். தேங்காய் எண்ணெயில் கலந்தாலும் இதே கதைதான். வீட்டில் சொட்டுக்கு அளவும் இல்லை, கிருமி நீக்கமும் இல்லை. 2023 இல் கிருமி கலந்த கண் சொட்டு மருந்தால் நுவரெலியாவிலும் கொழும்பிலும் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் பாதிக்கப்பட்டதைக் காட்டி, ஆஸ்பத்திரி மருந்தை மட்டும் நம்பலாமா என்று கேட்பவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் அந்தத் துயரம் சொல்வது, கண்ணில் படுவது எதுவானாலும் கிருமியற்றதாக இருக்கவேண்டும் என்பதையே. சித்த மருத்துவமும் கண்ணை இலேசாக எடுத்துக்கொண்டதில்லை. கண்ணுக்கு மட்டும் 96 நோய்களைப் பிரித்துச் சொன்ன மரபு அது.

பூசினேன், சுகமாயிற்று என்பவர்கள் பொய் சொல்லவில்லை. கண்கட்டி பெரும்பாலும் ஒன்று இரண்டு கிழமையில் தானாகவே உடைந்து வற்றிவிடும். அந்த நாட்களில் எதைப் பூசியிருந்தாலும் பெயர் அதற்குத்தான் போகும். இமையின் உட்புறக் கட்டிக்குச் சத்திரசிகிச்சை அல்லாத வைத்தியங்களைப் பற்றி 2017 இல் புதுப்பிக்கப்பட்ட கொக்ரேன் மீளாய்வு, தகுதியான ஒப்பீட்டு ஆய்வு ஒன்றைக்கூடக் காணவில்லை. சுடு ஒத்தணத்துக்கும் அப்படியான சான்று இல்லை என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒத்தணம் செய்யும் வேலை விளங்கக்கூடியது: சுரப்பிக்குள் கட்டிபட்ட கொழுப்பு வெப்பத்தில் இளகுகிறது, இரத்த ஓட்டம் கூடுகிறது, சீழ் வெளியேற வழி பிறக்கிறது. அளவான சூட்டோடு செய்தால் கண்ணுக்குப் பழுதும் இல்லை.

உடம்புச் சூட்டால் வந்த கட்டிக்கு மேலும் சூடா என்று எங்கள் வீடுகளில் தயங்குவார்கள். கட்டிக்குக் காரணம் அடைப்பும் பற்றீரியாவுமே. ஒத்தணத்தின் இளஞ்சூடு கட்டியைப் பெருக்காது. கொதித்து ஆறிய நீர் மணிக்கட்டின் உட்புறத்தில் சுடாமல் இதமாக இருக்கவேண்டும். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து, மூடிய கண்ணின் மேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வைக்கலாம். துணி ஆற ஆற மாற்றவேண்டும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தரம் செய்யலாம். நசுக்கவோ ஊசியால் குத்தவோ கூடாது. கண் மையையும், மற்றவர் முகம் துடைத்த துவாயையும் தவிர்க்கவேண்டும். ஏற்கெனவே எண்ணெய் கண்ணுக்குள் போயிருந்தால், உடனே சுத்தமான நீரால் கால் மணி நேரமாவது கழுவிவிட்டு வைத்தியரிடம் போகவேண்டும். இமை முழுவதும் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, பார்வை மங்கினாலோ, கண்ணை அசைக்க நொந்தாலோ தாமதிக்காமல் மாவட்ட பொது வைத்தியசாலைக்குப் போங்கள். அங்கே சிகிச்சை இலவசம். ஒத்தணம் பிடித்தும் இரண்டு நாளில் நோவு குறையத் தொடங்காவிட்டாலும் காட்டுவதே நல்லது. திரும்பத் திரும்பக் கட்டி வருகிறவர்கள் இரத்தத்தில் சீனியின் அளவையும் ஒருதரம் பார்த்துக்கொள்ளவேண்டும்.